பஞ்சில் ஒட்டிய மஞ்சள்

அன்று மருத்துவ வேனில் மலைக்குப் போனவர்கள் மூன்று பேர். ஓட்டுநர் முனியப்பன் அண்ணன், மருந்து கொடுக்கும் ராணி அக்கா, ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் நான். வராதவர்கள் இரண்டு பேர். டாக்டர் மேடம் தர்மபுரியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நர்ஸ் சிஸ்டருக்குக் காய்ச்சல், விடுப்பு. நான் போன வீட்டில் பிறந்து ஆறு நாளான ஆண் குழந்தை, அதன் தாய் கவிதா, நாலு வயதான மூத்த பெண், கவிதாவின் நாத்தனார் சின்னப்பொண்ணு ஆகியோர் இருந்தார்கள். குழந்தையின் அப்பா இல்லை. அவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்.

யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம் உண்டு. குழந்தையைப் பார்த்து இன்னது என்று சொல்லத் தகுதியுள்ள ஒருவர்கூட அன்று அங்கே இல்லை. இருந்தும் நான் சொன்னேன்.

நடமாடும் மருத்துவ வேனில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்துவிட்டேன். வயது முப்பத்து மூன்று. ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள், ஆனால் அந்த வேலை எனக்கு முடிந்துவிட்டது. இப்போது என் இடத்தில் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்களாம். குழந்தையின் நெற்றியில் வைத்தால் காமாலை எவ்வளவு என்று எண்ணில் காட்டிவிடும். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். போன வாரம் ஒரு தம்பி போனில் கேட்டான்:

"அண்ணா, நெத்தியில மஞ்சள் பூசியிருந்தா இது சரியா காட்டுமாண்ணா?"

துடைத்துவிட்டு வை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் துடைப்பதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மொரப்பூர் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் மஞ்சள் வெட்டுக்குக் கூலிக்குப் போவார்கள். தை, மாசியில் இரண்டு பேர் கையும் மணிக்கட்டு வரைக்கும் மஞ்சளாக இருக்கும். சோறு பிசைந்தால் சோறும் மஞ்சளாகும். வேக வைத்து, காய வைத்து, டிரம்மில் போட்டு மெருகேற்றும் வரைக்கும் அந்த வேலை ஓடும். பிளஸ் டூ முடித்தேன். லேப் டெக்னீஷியன் டிப்ளமா இரண்டு வருடம் படித்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி குத்தக் கற்றுக்கொண்டேன், மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கற்றுக்கொண்டேன், ஹாஸ்டலில் தோசை சுடக் கற்றுக்கொண்டேன்.

மஞ்சளை மருந்தாகப் பார்க்க யாரும் எனக்குக் கற்றுத்தரத் தேவையில்லை. இருமினால் பாலில் மஞ்சளும் மிளகும். மூக்கடைத்தால் விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகை. மண்வெட்டி பட்டால் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பற்று. அம்மை போட்டால் வேப்பிலையோடு அரைத்துப் பூச்சு. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பெல்லாம் மஞ்சள், அந்தப் பிள்ளைக்கும் மஞ்சள். இதில் பாதிக்கு மேல் உடம்புக்கு நல்லதுதான் என்று இன்றும் நம்புகிறேன். என் வீட்டில் இன்றைக்கும் மஞ்சள் போடாமல் குழம்பு கொதிக்காது. மஞ்சளில் கிருமியை அடக்கும் குணமும் வீக்கத்தைக் குறைக்கும் குணமும் இருப்பதாக டிப்ளமா வகுப்பிலும் சொன்னார்கள். எந்த அளவுக்கு, எந்த நோய்க்கு என்று கேட்டால் அங்கேதான் சிக்கல்.

வேனில் சேர்ந்த முதல் வருடமே அந்தச் சிக்கலைப் பார்த்தேன். கேழ்வரகு அறுக்கும்போது அரிவாள் காலில் இறங்கிய ஒருவர் வந்தார். காயத்துக்குள் மஞ்சள் தூளை அடைத்துத் துணியால் கட்டியிருந்தார். சிஸ்டர் அதைக் கழுவி எடுக்க அரை மணி நேரம் ஆனது. "ரத்தம் நின்னுடுச்சில்லீங்க, அப்பறம் ஏன் நோண்டறீங்க?" என்று அவருக்குக் கோபம். சிஸ்டர் தலையைத் தூக்காமல், "நின்னது சரிங்க. அடியில என்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியணுமில்ல?" என்றார். தூள் எல்லாம் போன பிறகு பார்த்தால் உள்ளே மண்ணும் கேழ்வரகுத் தாளின் துண்டு ஒன்றும்.

இன்னொருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சள்தூளும் நெல்லிப்பொடியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடம்பு லேசாக இருக்கிறது என்றார். அவருடைய ரத்தத்தை மூன்று முறை பார்த்தேன், எண் அப்படி ஒன்றும் லேசாக இல்லை. "உன் மிஷினைச் செக் பண்ணுப்பா" என்றார். செக் செய்தேன். அதே எண்ணைக் காட்டியது. டாக்டர் மேடம் அவரிடம், "பொடியச் சாப்பிடுங்க சார், நான் வேணாங்கல. மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடுங்க. ரெண்டும் சண்டை போட்டா நான் வந்து பிரிச்சு விடறேன்" என்றார். அவர் சிரித்துவிட்டார். மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. காலையில் கீழே சுகாதார நிலையத்துக்கு வந்ததும் வாஷ்பேசினில் கை கழுவுவார். முழங்கை வரைக்கும், நிதானமாக, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முந்தின நாள் நடந்ததை நாங்கள் அந்த முதுகிடம்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் எல்லாம் சரி என்று பொருள். குழாயை மூடினால் நாம் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று பொருள். அதன் பிறகு கேள்வி வரும். ஒரே ஒரு கேள்வி. அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

இப்போது அந்த வீடு.

சின்னப்பொண்ணு எங்கள் வேனுக்குப் பழக்கமானவர். சுற்றுப்பட்டில் பிறக்கும் குழந்தைகளைக் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். எண்ணெய் தேய்த்து, கைகால் நீவி, மஞ்சளும் கடலைமாவும் பூசிக் குளிப்பாட்டுவார். கவிதாவுக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவம் தாய் வீட்டில் நடந்தது, அவளுடைய அம்மா பிறகு இறந்துவிட்டதால் இது புருஷன் வீட்டில். கீழே அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் ஆகி, மூன்றாம் நாள் மலைக்கு வந்துவிட்டார்கள்.

வேன் நிற்கும் இடத்துக்கு கவிதா மூத்தவளை அனுப்பியிருந்தாள். "அம்மா வரச் சொல்லிச்சு" என்று என் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தாள் அந்தப் பெண். ராணி அக்கா மருந்துக் கூட்டத்தை விட்டு வர முடியவில்லை. நான் போனேன்.

"வாங்க டாக்டரே" என்றார் சின்னப்பொண்ணு. மலையில் பலரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். பிடித்தும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கவிதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "புள்ள நேத்துல இருந்து ரொம்ப மஞ்சளா தெரியுதுங்க. கண்ணத் தொறக்கவே மாட்டேங்குது" என்றாள்.

"ஆமா, நான் இத்தினி மஞ்சள் பூசினா மஞ்சளா தெரியாம வெள்ளையாவா தெரியும்?" என்று சின்னப்பொண்ணு சிரித்தார். "உம் மூத்தது ராத்திரியெல்லாம் கத்தி ஊரையே எழுப்புச்சு. இவன் தங்கம், தூங்கிக்கிட்டே இருக்கறான். அதுக்கும் ஒரு குறையா?"

குழந்தையைப் பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது. என் பையில் பஞ்சு இருந்தது. அதை நனைத்து, குழந்தையின் நெஞ்சில் ஒரு இழு இழுத்தேன். பஞ்சு மஞ்சளாக வந்தது. அதைக் கவிதாவிடம் காட்டினேன்.

"பாருங்க, மஞ்சள்தாங்க. பூசினதுதான். பயப்படாதீங்க."

"நான் சொன்னா கேக்கல, இப்ப டாக்டரு சொன்னா கேப்ப" என்றார் சின்னப்பொண்ணு. கவிதா பஞ்சைப் பார்த்தாள். அந்தப் பஞ்சு எனக்கு ஒரு பெரிய பரிசோதனை முடிவு மாதிரி இருந்தது. கண்ணால் பார்க்கும்படியான சான்று. வேனுக்குத் திரும்பியதும் ராணி அக்காவிடமும் முனியப்பன் அண்ணனிடமும் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம்.

மறுநாள் காலை மேடம் கை கழுவிக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தேன், எத்தனை பேருக்குச் சளி என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் வேடிக்கையாக இதைச் சொன்னேன். காமாலை என்று பயந்துவிட்டார்கள், துடைத்துப் பார்த்தால் வெறும் மஞ்சள் என்று.

குழாய் மூடியது.

மேடம் திரும்பினார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தொடச்ச எடத்துல, அடியில தோல் என்ன நெறத்துல இருந்துச்சு?"

நான் பஞ்சைப் பார்த்தேனே தவிர தோலைப் பார்க்கவில்லை. பூசிய மஞ்சள் இருந்தால் உள்ளே காமாலை இருக்காது என்று யார் சொன்னது? இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பஞ்சு சொன்னது பஞ்சில் ஒட்டியதைப் பற்றி மட்டும். இது தெரிய டிப்ளமா வேண்டியதில்லை. அந்தக் கேள்வி வரும் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"தூங்கிக்கிட்டே இருக்குதுன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க மேடம். நல்ல புள்ளன்னு சொன்னாங்க."

மேடம் கை துடைக்கவில்லை. "முனியப்பன், வண்டிய எடுங்க" என்றார்.

வேன் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் நான் கணக்குப் போட்டேன். நேற்றுப் பதினொரு மணிக்குப் பார்த்தேன். இப்போது பத்தரை. ரத்தத்தில் ஏறும் அந்த மஞ்சள் ஒரு அளவைத் தாண்டினால் மூளையில் போய்ப் படியும். ஓயாத தூக்கம் அதற்கு ஓர் அடையாளம். படிந்தால் எடுக்க முடியாது. குழந்தை பிழைத்தாலும் காது போகலாம், கைகால் போகலாம். இது நான் படித்தது, தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியது.

வாசலில் சின்னப்பொண்ணு நின்றார்.

"என்னுங்க, நேத்து ஒரு பஞ்சு, இன்னிக்கு ஒரு டாக்டரம்மா. நாளைக்கு கலெக்டர கூட்டியாருவீங்களா?"

மேடம் சிரித்தார். "கலெக்டருக்குக் கொழந்த பாக்கத் தெரியாதுங்க. கொஞ்சம் வெதுவெதுன்னு தண்ணி கொடுங்க, சோப்பு கொடுங்க. நீங்கதான் குளிப்பாட்டணும், உங்க கைப்பழக்கம் எனக்கில்ல."

மேடம் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். தம்பிகளுக்கு வேண்டியது இதுதான். முதலில் சின்னப்பொண்ணுவை வைத்தே மஞ்சள் முழுவதும் போகும்படி குளிப்பாட்டச் செய்தார். துவட்டி, வீட்டுக்குள் வேண்டாம், குண்டு பல்பு வெளிச்சம் வேண்டாம் என்று வாசலுக்கு, நிழலுள்ள பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். விரலால் நெற்றியை அழுத்தினார், எடுத்தார். அழுத்திய இடத்தில் ரத்தம் திரும்பி வருவதற்குள் என்ன நிறம் என்று பார்த்தார். அப்புறம் நெஞ்சு. அப்புறம் வயிறு, முழங்காலுக்குக் கீழே, கடைசியாக உள்ளங்கால். காமாலை தலையிலிருந்து கீழே இறங்கும், உள்ளங்காலுக்கு வந்துவிட்டால் ரொம்ப ஏறிவிட்டது என்று அர்த்தம். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். ஈறில் யாரும் மஞ்சள் பூசுவதில்லை.

உள்ளங்காலை அழுத்தி எடுத்தபோது அந்த இடம் மஞ்சளாக இருந்தது. பஞ்சால் துடைத்தார். பஞ்சு வெள்ளையாக வந்தது.

பாதத்தைச் சுண்டினார். குழந்தை லேசாக முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடியும் தூங்கியது.

"உடனே கீழ கொண்டுபோகணும். இப்பவே, வேன்லயே" என்றார் மேடம்.

சின்னப்பொண்ணுவின் முகம் மாறிவிட்டது, ஆனால் பேச்சு மாறவில்லை. "பதினொண்ணாம் நாள் தீட்டு கழிக்காம எப்பிடிங்க வெளிய அனுப்பறது? எந் தம்பி ஊருல இல்ல. அவன் சொல்லாம நான் அனுப்பி நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பான்?"

பெங்களூருக்குப் போன் போட்டார்கள். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் டவர் கிடைக்கும். சின்னப்பொண்ணு பேசிவிட்டு போனை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் கான்கிரீட் மிஷின் ஓடும் சத்தம்.

"சார், நேத்து டாக்டரு பாத்துட்டு வெறும் மஞ்சள்னு சொல்லிட்டாருன்னு அக்கா சொல்லிச்சே. இன்னிக்கு எப்பிடி சார் காமாலையாச்சு? ஒரே நாள்ல வந்துடுமா?"

வந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும்கூட. மேடம் பத்தடி தள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

"நேத்து பாத்தது நான்தாங்க. நான் டாக்டர் இல்லீங்க, ரத்தம் டெஸ்ட் பண்றவன். நேத்து நான் சொன்னது தப்புங்க. நேத்தே இருந்திருக்கும், நான் சரியா பாக்கல. இன்னிக்கு டாக்டர் பாத்துட்டாங்க. அனுப்பிவைங்க."

அவர் மிஷினை விட்டுத் தள்ளி வந்தார், சத்தம் குறைந்தது.

"நீ டாக்டர் இல்லியா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னா மயித்துக்குச் சொன்ன?"

அவர், "போன அக்காகிட்ட குடு" என்றார். சின்னப்பொண்ணு போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

அதற்குள் கவிதா குழந்தையோடு வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. "நேத்துல இருந்து புள்ள பால் குடிக்கலக்கா. நானும் சொல்லிட்டேதான் இருக்கறேன்" என்றாள். நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள், ஆனால் நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

தர்மபுரிக்குப் போனதும் ரத்தம் எடுத்தார்கள். அங்கே இருந்த டெக்னீஷியன் எனக்குத் தெரிந்தவர். ரத்தம் இருந்த சோதனைக் குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றியிருந்தார், வெளிச்சம் பட்டால் அளவு குறைத்துக் காட்டிவிடும் என்பதால். மிஷினில் சுழற்றி எடுத்த பிறகு தாளை ஒரு நொடி விலக்கி எனக்குக் காட்டினார். மேலே தெளிந்து நிற்கும் நீர் சாதாரணமாக வைக்கோல் நிறத்தில் இருக்கும். இது செவ்வந்திப் பூ நிறத்தில் இருந்தது. அளவு இருபத்தேழு, இருபதைத் தாண்டினாலே ஆபத்து. தாய்க்கு ஓ குரூப் ரத்தம், குழந்தைக்கு பி, இரண்டும் ஒத்துப்போகவில்லை. அதுவும் ஒரு காரணம், பால் சரியாக இறங்காதது இன்னொரு காரணம் என்றார்கள். மஞ்சள் பூசியது காரணமே இல்லை.

சாயங்காலத்துக்குள் ரத்தம் மாற்றினார்கள். காமாலையைக் குறைக்கும் நீல வெளிச்சத்தில் ஐந்து நாள் வைத்தார்கள். மூன்றாம் நாள் குழந்தை வீரிட்டு அழுததாக முனியப்பன் அண்ணன் வந்து சொன்னார். அப்படி அழுதது நல்ல செய்தி.

சின்னப்பொண்ணு ஆஸ்பத்திரி வராண்டாவில் மேடத்தை நிறுத்திக் கேட்டார்: "அப்ப மஞ்சள் பூசறது தப்புங்களா? எங்காத்தா காலத்துல இருந்து பூசறோம்."

"மஞ்சள் ஒண்ணும் பண்ணலங்க. ஆனா உள்ள இருந்தத மறைச்சுடுச்சு. ரெண்டு வாரம் பூசாம இருங்க, தெனமும் வெளிச்சத்துல பாருங்க. அப்பறம் உங்க இஷ்டம்."

"ரெண்டு வாரந்தானே" என்றார் அவர். அதற்குப் பிறகு மலையில் அவர் குளிப்பாட்டிய குழந்தைகள் எல்லாம் பதினைந்து நாள் வரைக்கும் மஞ்சள் இல்லாமல்தான் இருந்தன. ஏன் என்று கேட்டவர்களிடம் என் பெயரைச் சொல்லி விளக்கினார் என்றும் கேள்விப்பட்டேன்.

மேடம் என்னை எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாளும் கை கழுவினார், நானும் அந்த முதுகிடம் சொன்னேன். ஒன்று மட்டும் மாறியது. யாராவது டாக்டரே என்று கூப்பிட்டால், இல்லீங்க என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தேன். மீதி ஐந்து வருடமும் அப்படித்தான்.

குழந்தைக்குக் கைகால் நன்றாக இருந்தது. கழுத்து நின்றது, குப்புற விழுந்தது, எல்லாம் அந்தந்த மாதத்தில். நாலாம் மாதம் மூத்தவள் தட்டை டமார் என்று கீழே போட்டும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கவிதா மேடத்திடம் வந்து சொன்னாள். சேலத்துக்கு அனுப்பிப் பரிசோதித்ததில் இரண்டு காதும் பாதிக்கு மேல் கேட்கவில்லை என்று வந்தது. ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காது தப்பித்திருக்குமா என்று மேடத்திடம் கேட்டேன். "தெரியாது" என்றார். "தப்பிச்சிருக்காதுன்னு சொன்னா உனக்கு நல்லா இருக்கும். ஆனா எனக்குத் தெரியாது."

அவனுக்கு இப்போது ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு போகிறான். காதுக்குப் பின்னால் இரண்டு மிஷின். பேச்சு கொஞ்சம் இழுத்து வருகிறது, ஆனால் நிறைய வருகிறது.

நான் வேலையை விட்ட பிறகு ஒரு முறை மலைக்குப் போனேன். சின்னப்பொண்ணு கேப்பைக் களி போட்டார். சாப்பிட்டு முடித்த பிறகு, உங்களுக்கு மொத்தம் எவ்வளவு செலவானது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு பைசா வாங்கவில்லை என்றார் முதலில். பிறகு விரல் விட்டு எண்ணினார். அரசாங்கக் காது மிஷின் வரும் வரைக்கும் காத்திருக்க மனசில்லாமல் வெளியில் வாங்கியது, ஜோடி முப்பத்தாறாயிரம். சேலத்துக்குப் போய்வந்த வாடகையும் சாப்பாடும் ஏழாயிரத்து ஐந்நூறு. தன் தம்பி வேலைக்குப் போகாமல் கூட இருந்த நாள்களின் கூலி இருபத்தோராயிரம். "வேற ஒண்ணுமில்ல தம்பி" என்றார். நான் என் கணக்கில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். அறுபத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.